ஃபைல் எந்த டேபிளில் இருக்கிறது?

கடலூர் கலெக்டர் ஆபீசிலிருந்து வரும் கடிதத்தின் தலையில் ஓர் எண் இருக்கும்: ந.க.எண்.அ3/4512/2023 என்பதுபோல. (இது மாதிரிக்கு நான் போட்ட எண். யாருடைய பட்டாவும் இதில் தொங்கவில்லை.) ந.க. என்றால் நடப்புக் கணக்கு. அ3 என்பது ஆள் அல்ல, இருக்கை. ‘அ’ பிரிவின் மூன்றாவது சீட். இன்று அதில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கே திட்டக்குடிக்கோ வேப்பூருக்கோ மாற்றலாகிப் போகலாம். அ3 எங்கும் போகாது. 4512 என்பது அந்த ஆண்டில் அந்தத் தபாலுக்குக் கிடைத்த வரிசை எண். ஆண்டு முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த எண்ணை உற்றுப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைப்படுவார்கள். யார் பொறுப்பு, எந்த ஆண்டு, எத்தனையாவது என்ற மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. ஆளையும் பொறுப்பையும் தனித்தனியே பிரித்தும் வைத்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். பழைய சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயர் அது. மாகாணம் உடைந்து ஆந்திரம், கேரளம் என்று ஆன பிறகும் அங்கெல்லாம் அந்தப் பெயர் இன்றுவரை புழங்குகிறது.

டாட்டன்ஹாம் முறையின் உயிர்நாடி தன்பதிவேடு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்று உண்டு. தபால் எங்கிருந்து வந்தது, பொருள் என்ன, குறிப்பு எழுதி மேலே வைத்த தேதி, மேலிருந்து திரும்பிய தேதி, வெளியே யாருக்கு எழுதினோம், பதில் எப்போது வந்தது, கடைசியில் எப்படி முடிந்தது என்று குறுக்கே கட்டங்கள் ஓடும். அதிகாரி குறிப்பிட்ட நாளில் பதிவேட்டை வரவழைத்துப் பார்ப்பார். எந்தக் கட்டம் நாள்கணக்கில் காலியாகக் கிடக்கிறதோ அங்கே கேள்வி விழும். கணினி படித்தவர்கள் இதை ‘நிலை மாற்றப் பதிவு’ என்பார்கள். பள்ளிப்படிப்பு முடித்த எழுத்தரும் ஒரு ரூல் தடியும் சேர்ந்து இதைப் பல தலைமுறையாகச் செய்துவந்தார்கள்.

ஆனாலும் மனு கொடுத்தவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “சார், என் ஃபைல் எங்க இருக்கு?” பதிலும் பழகிய பதில்தான். “ஆர்.ஐ. கிட்ட இருக்குங்க.” “தாசில்தார் டேபிள்ல இருக்கு, அவர் கேம்ப் போயிருக்கார், வெள்ளிக்கிழமை வாங்க.” இந்தப் பதிலில் எரிச்சல்படப் பல விஷயம் உண்டு, ஆனால் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. கேள்விக்குப் பதில் இருக்கிறது என்பதுதான் அது. காகிதக் கட்டு ஒரு பொருள். ஒரு நேரத்தில் ஒரு மேசையில்தான் இருக்க முடியும். அது தாசில்தார் மேசையில் கிடக்கும்போது எழுத்தர் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் இரண்டு விதமாக முடிவெழுதவும் முடியாது. யாரும் விதி போடவில்லை. சிவப்பு நாடா கட்டிய அந்தக் கட்டே பூட்டாகவும் இருந்தது.

கணினிக்குள் வந்ததும் இந்தப் பூட்டு காணாமல் போய்விடுகிறது. அங்கே ஆவணத்துக்கு இடம் என்று ஒன்று கிடையாது. கடலூரில் ஒருவர் திறக்கலாம், அதே நொடியில் சிதம்பரத்தில் இன்னொருவர் திறக்கலாம். இருவர் திரையிலும் ‘அந்த’ ஆவணம்தான். எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லா இடத்திலும், அல்லது எங்குமே இல்லை. அலுவலகத்துக்கான செயலி எழுதுகிறவர்களின் பாதி வேலை, இடமில்லாத இந்தப் பொருளுக்கு மறுபடி ஓர் இடத்தை உண்டாக்கிக் கொடுப்பது. படிவத்தை அழகாக வரைவதெல்லாம் மிச்சப் பாதியிலும் சிறு பகுதிதான்.

அந்த இடத்தை உண்டாக்கும் வேலைக்குக் களமாக இருப்பது இன்ட்ராநெட் தளம், அதாவது ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் மட்டும் உள்ளே வரக்கூடிய இணையம். அதில் சில வசதிகள் ஏற்கெனவே தயாராக இருக்கும்: உள்ளே வந்தவர் யார் என்று தெரியும், பட்டியல்கள் போடலாம், ஆவணங்களை அடுக்கலாம், தேடலாம், யாருக்கு எது தெரியலாம் என்று வரையறுக்கலாம், ஒருவர் வேலை முடிந்ததும் அடுத்தவருக்குச் சேதி போகும். செயலி எழுதுகிறவர் வெறும் தரையிலிருந்து சுவர் எழுப்ப வேண்டியதில்லை. இப்படிச் செயலி எழுத உதவும் தளங்களில் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் 2001-இல் வந்தது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, 2006-இல் ஜோஹோ கிரியேட்டரைக் கொண்டுவந்தது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அதன் அலுவலகம் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது ஒன்று உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற பாடம் கற்பிக்கும் கணினி அமைப்பு இருந்தது. 1973-இல் டேவிட் வுல்லி என்ற பதினேழு வயதுப் பையன், அதில் பிழைகளை எல்லாரும் எழுதிவைத்துப் பதில் சொல்ல ஒரு நிரலை எழுதினான். பெயர் நோட்ஸ். அதே பல்கலைக்கழகத்தில் படித்த ரே ஓஸி அந்த யோசனையை மனதில் வைத்திருந்து, 1984-இல் தனி நிறுவனம் தொடங்கினார். அங்கே உருவான மென்பொருள் 1989-இல் லோட்டஸ் நிறுவனத்தின் பெயரில் லோட்டஸ் நோட்ஸாக வெளிவந்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் எடுத்த எடுப்பில் பத்தாயிரம் பிரதிகள் வாங்கியது. 1995-இல் ஐ.பி.எம். லோட்டஸ் நிறுவனத்தை 350 கோடி டாலருக்கு வாங்கியது. கால் நூற்றாண்டு கழித்து, 2019-இல், நோட்ஸும் அதன் வழங்கியான டொமினோவும் இன்னும் சில மென்பொருள்களோடு 180 கோடி டாலருக்கு ஹெச்.சி.எல். கைக்கு வந்தன. திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழியில் பிறந்த சிவ் நாடார் தொடங்கிய நிறுவனம் அது. இப்போது உலகெங்கும் எந்த வங்கியாவது பழைய நோட்ஸ் செயலி ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், அது ஹெச்.சி.எல். பெயரில்தான் ஓடுகிறது.

நோட்ஸின் அடிப்படை யோசனை இன்றும் வியப்பூட்டுவது. அதில் தரவு ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையிலும் முழுப் பிரதி ஒன்று இருக்கும். தொலைபேசிக் கம்பி இணையும்போது பிரதிகள் ஒன்றோடொன்று பேசி, உன்னிடம் புதிதாக என்ன, என்னிடம் புதிதாக என்ன என்று மாற்றிக்கொள்ளும். கம்பி அறுந்தால் அவரவர் பிரதியில் அவரவர் வேலை நடக்கும். இது நமக்கு ஒட்டாத கதை இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் மத்திய வழங்கியைத் தொட்டால்தான் திறக்கும் செயலி வெறும் கண்ணாடிப் பலகை.

தகவலைப் பிரதியெடுத்துப் பல வழியில் அனுப்பும் பழக்கம் கடலூருக்குப் புதிதும் அல்ல. தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் மராட்டியரிடமிருந்து வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேரம். அந்தக் கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் இங்கே வந்தது, 1752 வரை. அங்கே கூடிய ஒவ்வொரு ஆலோசனைக் கூட்டத்தின் நடவடிக்கையும் எழுதப்பட்டது. லண்டனுக்குப் போகும் கடிதங்களைப் பிரதியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் ஏற்றுவது கம்பெனி வழக்கம். ஒன்று மூழ்கினால் இன்னொன்று போய்ச் சேரும். பயணத்துக்கே அரை ஆண்டு பிடிக்கும். இங்கே எடுத்த முடிவும் அங்கிருந்து வந்துகொண்டிருக்கும் உத்தரவும் நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போவது சாதாரணம். பிரதி என்று வந்துவிட்டால் முரண்பாடும் கூடவே வரும்.

அந்த முரண்பாட்டை நோட்ஸ் எப்படிச் சமாளிக்கிறது என்பதைப் பார்க்கச் சிதம்பரம் பக்கமே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். புயலுக்குப் பின் வீட்டுச் சேதக் கணக்கெடுப்பு. வி.ஏ.ஓ. குடிசையைப் பார்த்து எழுதுகிறார். ஆர்.ஐ. சரிபார்க்கிறார். தாசில்தார் ஒப்புதல் தருகிறார். பட்டியல் ஆர்.டி.ஓ. வழியாகக் கலெக்டருக்குப் போகிறது. காகிதத்தில் நடந்துவரும் இந்த வரிசையை ஒரு செயலியாக எழுதச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது?

எண்ணிலிருந்துதான். நடப்புக் கணக்கு எண்ணுக்குப் பகிர்மானப் பதிவேடு ஒன்று வேண்டும். ஓரிடத்தில் ஒருவர் உட்கார்ந்து வரிசையாக எண் கொடுக்க வேண்டும். கிள்ளையில் ஒரு வி.ஏ.ஓ.வும் பரங்கிப்பேட்டையில் ஒரு வி.ஏ.ஓ.வும் தொடர்பே இல்லாமல் ஒரே நேரத்தில் பதியும்போது இருவருக்கும் 4513 கிடைத்துவிட்டால்? நோட்ஸ் இதற்கு 128 பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது. எழுதினால் 32 எழுத்து நீளம். வாய்ப்புள்ள எண்களின் தொகை 34-க்குப் பின்னால் 37 சுழி போட்டதற்குச் சமம். அதனால் எந்த மடிக்கணினியும் யாரிடமும் கேட்காமல், தானே ஓர் எண்ணை உண்டாக்கிக்கொள்ளலாம். இன்னொன்றோடு மோதும் என்ற பயம் வேண்டாம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மனிதருக்கு ஒன்றும் புரியாது. கவுன்டரில் வந்து 32 எழுத்தைச் சொல்லி ஃபைலை விசாரிக்க யாராலும் ஆகாது. ஆகவே நல்ல செயலியில் இரண்டும் இருக்கும்: பிறக்கும்போது இயந்திரம் தானே இட்டுக்கொள்ளும் எண் ஒன்று, தொடர்பு கிடைத்த பிறகு அலுவலகம் கொடுக்கும் எண் ஒன்று.

அடுத்து, கட்டங்கள். சேதம் எவ்வளவு என்று எழுத வெற்றிடம் விட்டால் ஒருவர் ‘பாதி இடிந்தது’ என்பார், ஒருவர் ‘கூரை போச்சு’ என்பார், ஒருவர் ‘பகுதி’ என்பார். மூன்றும் ஒன்றா என்று எந்த இயந்திரமும் சொல்லாது. முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று இரண்டே தேர்வாகக் கொடுத்துவிட வேண்டும். ஊர்ப் பெயர் இதைவிட வம்பு. சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் பி.முட்லூர் ஒன்று, சி.முட்லூர் ஒன்று. உள்ளூர்க்காரருக்குக் குழப்பமே இல்லை. பஸ் நிற்கும் இடமே வேறு. கணினியில் ‘முட்லூர்’ என்று மட்டும் தட்டிவிட்டால் நிவாரணப் பட்டியலில் ஓர் ஊர் இரட்டிப்பாகி இன்னோர் ஊர் காணாமல் போகும். அதனால் ஊரை எழுதவிடாமல், வருவாய்த் துறையின் கிராம எண்ணோடு கூடிய வேறொரு பட்டியலிலிருந்து எடுக்க வைப்பார்கள். இப்படிச் சின்னச் சின்னப் பூட்டுகள் போடுவதுதான் செயலி எழுதுவதில் பெரும்பகுதி நேரத்தைத் தின்கிறது. மேதைமை எதுவும் வேண்டாம். ஊரைத் தெரிந்த ஒருவரோடு பொறுமையாக உட்கார்ந்து பேசினால் போதும்.

இனி முரண்பாடு. இணைப்பு இல்லாத வேளையில் வி.ஏ.ஓ. தன் பிரதியில் ஒரு பதிவைத் திருத்துகிறார். அதே பதிவை ஆர்.ஐ. தன் பிரதியில் திருத்துகிறார். இணைப்பு வந்ததும் இரண்டு திருத்தம் நேருக்கு நேர் நிற்கின்றன. நோட்ஸ் ஒவ்வொரு ஆவணமும் எத்தனை முறை சேமிக்கப்பட்டது என்று எண்ணி வைத்திருக்கும். அதிக முறை சேமிக்கப்பட்டது மூலமாக நிற்கும். எண்ணிக்கை சமமென்றால் பிந்தியது நிற்கும். தோற்ற ஆவணத்தை அது அழிப்பதில்லை. மூலத்துக்குக் கீழே முரண்பாடு என்ற குறியோடு தொங்கவிடும், மனிதர் பார்த்து முடிவு செய்ய. செயலி எழுதுகிறவர் கூடுதலாக ஒரு வசதியைத் திறந்துவிட்டிருந்தால், இருவரும் வெவ்வேறு கட்டங்களைத் திருத்தியிருக்கும் பட்சத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே ஆவணமாக்கிவிடும். வி.ஏ.ஓ. குடும்ப அட்டை எண்ணை, ஆர்.ஐ. சேத வகையை என்றால் சண்டையே இல்லை. ஒரே கட்டத்தில் இருவர் கை வைத்தால்தான் பஞ்சாயத்து.

அதிக முறை சேமித்தவர் வெல்வது நியாயமா என்று கேட்டால், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பயத்தில் நிமிடத்துக்கொரு தரம் சேமிக்கிறவர் ஜெயித்துவிடுவார். ஆனால் பிரதிகள் தமக்குள் நடுவர் இல்லாமல் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்றால் ஏதாவது ஓர் எந்திரத்தனமான விதி வேண்டும். எந்தப் பிரதியில் கணக்குப் போட்டாலும் அதே விடை வர வேண்டும். நியாயம் அதற்கு அடுத்ததுதான்.

ஷேர்பாயிண்ட் எதிர்த் திசையில் போகிறது. தரவு ஒரே தரவுத்தளத்தில். அதனால் முரண்பாடு குறைவு. பதிலுக்குப் பூட்டுத் தொல்லை. ஷேர்பாயிண்டில் செயலி எழுதிய எவரும் 5,000 என்ற எண்ணைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். பட்டியலில் லட்சக்கணக்கான வரிகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே கேள்வியில் 5,000-க்கு மேல் புரட்ட வேண்டிவந்தால் மறுத்துவிடும். சேதக் கணக்கெடுப்புப் பட்டியல் 4,990 வரிவரை பளிச்சென்று திறக்கும். ஒரு நாள் காலையில் திடீரென்று திறக்காது.

ஏன் 5,000? ஷேர்பாயிண்டுக்கு அடியில் இருப்பது எஸ்.கியூ.எல். சர்வர். யாராவது வரிகளைக் கையாளும்போது மற்றவர் நடுவில் புகுந்து மாற்றாமலிருக்க அது வரிக்கு வரி பூட்டுப் போடும். அந்தச் சிறு பூட்டு ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும். ஒரே கட்டளைக்கு ஏறக்குறைய 5,000 பூட்டு சேர்ந்ததும், இத்தனை சாவிக்கொத்தை யார் தூக்குவது என்று, சிறு பூட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு முழு அட்டவணைக்கும் ஒரே பெரிய பூட்டாகப் போட்டுவிடும். இதில் இன்னொரு சங்கதி: ஷேர்பாயிண்ட் ஒவ்வொரு பட்டியலுக்கும் தனி அட்டவணை வைப்பதில்லை. பல பட்டியல்களின் வரிகள் ஒரே பெரிய அட்டவணைக்குள் கலந்துதான் கிடக்கும். சிதம்பரத்துக் குடிசைக் கணக்கை ஒருவர் முழுதாகப் புரட்டினால் அந்தப் பெரிய பூட்டு விருத்தாசலத்து விடுப்பு விண்ணப்பத்தின் மேலும் விழும். அதைத் தடுக்கத்தான் 5,000-இலேயே கதவை மூடுகிறார்கள். தப்பிக்கும் வழி, அடிக்கடி தேடும் கட்டங்களுக்கு முன்கூட்டியே சுட்டு வரிசை போட்டுவைப்பது. வட்டம், கிராமம், நிலை என்ற மூன்றுக்கும் சுட்டு இருந்தால் பெரும்பாலான கேள்விகள் சில நூறு வரிகளிலேயே முடிந்துவிடும். அட்டவணை காலியாக இருக்கும் முதல் நாளிலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

பட்டியலும் பூட்டும் ஆயிற்று. இனி ஃபைலை நடக்க வைக்க வேண்டும். வரைவு, சரிபார்ப்பு, ஒப்புதல், முடிவு என்று நான்கு கட்டம் வரைந்து அம்பு போட்டால் படம் அழகாகத்தான் இருக்கும். தளத்தில் ஒப்புக்கொள், நிராகரி என்று இரண்டு பொத்தானும் ஆயத்தமாக இருக்கும். நம் அலுவலகங்களில் இந்த இரண்டைவிட முக்கியமான மூன்றாவது ஒன்று உண்டு. அதிகாரி ஃபைலைப் படித்துவிட்டு ஓரத்தில் எழுதுவார்: ‘பேசவும்’. ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. எழுத்தர் உள்ளே போய் நின்று விவரம் சொல்ல வேண்டும். என்ன பேசினார்கள் என்பது பெரும்பாலும் எங்கும் பதிவாகாது. ‘பேசப்பட்டது’ என்று ஒரு வரி விழுந்து, புதிய குறிப்போடு ஃபைல் மறுபடி மேலே போகும். வெளிநாட்டில் வரைந்த எந்தப் பணிப்பாய்வுப் படத்திலும் இந்தக் கட்டம் இருக்காது. இதற்கு ஒரு பொத்தான் வைக்காத செயலி இரண்டே வாரத்தில் பழுதாகும். அதிகாரிகள் ‘நிராகரி’யை அழுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள், ஆண்டறிக்கையில் நிராகரிப்பு மலைபோல் ஏறி நிற்கும்.

இன்னொன்று கூடுதல் பொறுப்பு. தாசில்தார் பதினைந்து நாள் மருத்துவ விடுப்பில் போனால் பக்கத்து வட்டத்துக்காரர் கூடுதலாகப் பார்த்துக்கொள்வார். செயலியில் ஒப்புதல் தருபவர் என்று ஒருவரின் பெயரைப் போட்டிருந்தால் பதினைந்து நாளும் ஃபைல்கள் விடுப்பில் இருப்பவரின் பெட்டியில் குவியும். சிதம்பரம் தாசில்தார் என்ற பதவியைப் போட்டிருந்தால், பதவிக்கும் ஆளுக்கும் இடையே உள்ள முடிச்சை மட்டும் மாற்றினால் போதும். அ3 என்று சீட்டைப் போட்ட டாட்டன்ஹாம் முறை இதைக் கணினிக்கு முன்பே தீர்த்துவைத்திருந்தது. பெயரைப் போட்டுத் தொலைத்த செயலிகள் இன்றும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

யாருக்கு என்ன அனுமதி என்பதில் நோட்ஸ் ஏழு படி வைத்திருக்கிறது. மேலே எல்லாம் செய்யக்கூடிய மேலாளர், கீழே எதுவும் முடியாதவர். இடையில் டெபாசிட்டர் என்று விசித்திரமான ஒரு படி. அவர் ஆவணத்தை உள்ளே போடலாம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. கோயில் உண்டியல்தான். லஞ்சப் புகார், கருத்துக் கணிப்பு, உள் வாக்கெடுப்பு இவற்றுக்கெல்லாம் இந்தப் படி பொருந்தும்.

அனுமதியில் மிகக் கஷ்டமான இடம் தேடல். தேடுபொறி தேடித் தர வேண்டுமென்றால் எல்லா ஆவணத்தையும் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை ஃபைல், சம்பளப் பட்டியல் உட்பட. படித்துவிட்டு, கேட்பவர் யார் என்று பார்த்து வாயை மூடிக்கொள்ளவும் வேண்டும். ஒவ்வொரு ஆவணத்தின் சொற்களோடும் அதைப் பார்க்க உரிமையுள்ளவர் பட்டியலையும் சேர்த்தே சுட்டில் எழுதிவைத்து, விடை தரும் கணத்தில் வடிகட்டுவார்கள். ‘12 முடிவுகள்’ என்று மேலே போட்டுக் கீழே 9 மட்டும் காட்டினால் அதுவே கசிவு. மறைந்திருக்கும் மூன்று உண்டு என்பது தெரிந்துவிடுகிறதே.

ஆனால் பூட்டு இறுகிப் போனாலும் ஆபத்துத்தான் என்பதற்குச் சிதம்பரத்தில் ஒரு பழங்கதை இருக்கிறது. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்வது: தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில், பாடிய மூவரின் கை அடையாளத்தோடு பூட்டிக் கிடந்தன. மூவரும் வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மூவரும் மறைந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. அரசன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்றான். திறந்து பார்த்தால் ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது, பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. மூன்று ஒப்புதல் கட்டாயம், மூவரும் கிடைக்க மாட்டார்கள், மாற்று வழி எழுதப்படவில்லை. பக்தர் வேறு பொருள் கொள்வார். செயலி எழுதுகிறவர் கண்ணுக்கு இது பணிப்பாய்வு நடுவழியில் சிக்கிக்கொண்ட கதை. அரசன் கண்டுபிடித்தது அவசர வழி.

ஃபைலுக்கு இடத்தைத் திரும்பக் கொடுத்த விதத்தில் நம் நாட்டில் செய்த ஒரு தளம் கவனிக்கத் தக்கது. 1976-இல் தொடங்கிய தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ். மத்திய அமைச்சகங்களில் தொடங்கிப் பின்னர் மாநிலங்களுக்குப் பரவியது. தமிழ்நாடும் 2021-க்குப் பிறகு இதை வேகப்படுத்தியது. இதில் ஃபைல் ஒரு நேரத்தில் ஒருவர் பெட்டியில்தான் இருக்கும். அவர் மட்டுமே அதில் குறிப்பு எழுதலாம். கணினிக்கு இந்தக் கட்டுப்பாடு அவசியமே இல்லை. வேண்டுமென்றே காகிதத்தின் குணத்தைத் திணித்திருக்கிறார்கள். அதனால் ‘என் ஃபைல் எங்கே’ என்ற கேள்விக்கு அங்கேயும் ஒரே பதில் உண்டு, எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்ற கணக்கோடு. அனுப்பிய ஃபைலை எதிராளி திறக்கும் முன் திரும்ப இழுத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். பழைய நாளில் டபேதாரை ஓடவிட்டு ஃபைலை வாங்கிவரச் சொல்வார்களே, அதேதான்.

குறிப்பு எழுதும் பக்கத்துக்கு இரண்டு நிறம். மஞ்சள் என்றால் வரைவு: மேலே உள்ளவர் திருத்தலாம், நீக்கலாம். உறுதி செய்ததும் பச்சையாகிவிடும். பச்சைத் தாளில் குறிப்பெழுதுவது டெல்லித் தலைமைச் செயலக வழக்கம். அந்தத் தாளின் நிறத்தையே திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பச்சை ஆனதை யாரும் மாற்ற முடியாது, எழுதியவர்கூட. தவறென்றால் கீழே புதிய குறிப்பு எழுதி முன்னதை மறுக்கலாம், அவ்வளவுதான். தரவுத்தள வல்லுநர்கள் ‘சேர்க்க மட்டும் முடியும், அழிக்க முடியாது’ என்று தனிப் பெயரிட்டுக் கொண்டாடும் பதிவு முறை இதுவே. ஓய்வு பெறப் பத்து மாதம் இருக்கும் ஒரு கண்காணிப்பாளருக்கு அதை விளக்க எந்தப் பயிற்சி வகுப்பும் வேண்டாம்; நிறத்தைப் பார்த்தால் போதும்.

கடைசியாக ஃபைல் சாக வேண்டும். டாட்டன்ஹாம் முறையில் முடிந்த கோப்புக்கு ஆயுள் எழுதிவிடுவார்கள். எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, டி.டிஸ். பத்தாண்டு, ஆர்.டிஸ். நிரந்தரம். காலம் முடிந்த கட்டைப் பதிவறையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டால் கதை முடிந்தது. பிரதிகளாகப் பரவிய ஆவணத்தை அழிப்பது அப்படி இல்லை. கடலூர் பிரதியில் நீக்கினால், அடுத்து இணையும் சிதம்பரம் பிரதி, உன்னிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது, இந்தா என்று திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் நோட்ஸ் நீக்கிய இடத்தில் ஒரு நடுகல் நட்டுவைக்கும்: இந்த எண்ணுள்ள ஆவணம் இன்ன நேரத்தில் நீக்கப்பட்டது. மற்றப் பிரதிகள் அதைப் பார்த்துத் தங்களிடம் உள்ளதையும் நீக்கும். நடுகற்களே லட்சக்கணக்கில் சேர்ந்துவிடாமலிருக்க, மாற்றாமல் விட்டால் 90 நாளில் அவையும் களையப்படும்.

சிக்கல் 91-ஆம் நாளில் தொடங்கும். காட்டுமன்னார்கோயிலில் எங்கோ அலமாரியில் மறந்துபோன ஒரு மடிக்கணினியை நூறு நாள் கழித்து யாரோ எடுத்து இணைக்கிறார்கள். அதற்குள் பழைய பிரதி முழுதாக இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் நடுகல் மறைந்துவிட்டது. நீக்கிய ஆவணங்கள் வரிசையாக எழுந்து எல்லாக் கிளைக்கும் பரவும். ரத்தான ஆணைகள், இருமுறை பதிந்து ஒன்று நீக்கப்பட்ட வீடுகள், எல்லாம். நோட்ஸ் நிர்வாகிகள் பல ஆண்டு இதோடு போராடினார்கள். பிற்காலப் பதிப்புகளில் அந்தக் கெடுவுக்கு முன்னால் கடைசியாகத் தொடப்பட்ட எந்த ஆவணத்தையும் ஏற்காதே என்று தடை போட வழி வந்தது. அதிலும் ஓர் ஓட்டை உண்டு. அந்த மடிக்கணினியில் நூறு நாளுக்கு முன் வி.ஏ.ஓ. உண்மையாகவே பதிந்து, இணைப்பு இல்லாததால் இதுவரை எங்கும் போய்ச் சேராத வீடு ஒன்று இருந்தால், அதையும் தடை வெளியே நிறுத்திவிடும். செத்த ஆவணத்தையும் இன்னும் வந்தே சேராத ஆவணத்தையும் தேதியை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை. யாராவது ஒருவர் அந்தக் கணினியைத் திறந்து, பதிவு பதிவாக, வி.ஏ.ஓ.வையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.